தன் பேர் கேட்டால் மட்டும் திரும்பும் விமானம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஊருக்கு வெளியே வற்றிக் கிடக்கும் ஏரித் தரையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறோம். கழுத்தில் வாரால் தொங்கும் ஆளுக்கொரு பெட்டி, பெட்டியில் இரண்டு குச்சிகள். தலைக்கு மேலே பத்து மாதிரி விமானங்கள் தங்கள் பாட்டுக்குச் சுற்றுகின்றன. சைக்கிளில் டீ கொண்டு வருகிறவர் கேனை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறார்:

“எல்லாரும் ஒரே மாதிரி பொட்டி வச்சிருக்கீங்க. ஒருத்தர் திருப்புனா இன்னொருத்தர் பிளேன் திரும்பாதா?”

இதைவிட நல்ல கேள்வியை அந்த மைதானத்தில் யாரும் கேட்டதில்லை. பத்துப் பெட்டிகளும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. எங்கள் சட்டைப் பைகளில் இருக்கும் செல்பேசிகளின் வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். அத்தனை கூச்சலுக்கும் நடுவே ஒவ்வொரு விமானமும் தன் எஜமானின் குரலை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறது?

அதே காலையில் இன்னொரு கேள்வியும் காத்திருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு வருடமாக ஆறு சேனல் பெட்டி ஒன்றை வைத்துப் பறக்கப் பழகியவன், சேர்த்து வைத்த பணத்தில் இப்போது 2 மீட்டர் இறக்கையுள்ள மோட்டார் கிளைடர் ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். “அண்ணே, புதுசா ரேடியோ வாங்கணும். பவர் அதிகமா இருக்கறத வாங்கினா போதும்ல?”

டீக்காரர் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் தம்பி கேள்விக்கும் பதில் தெரியும். எனவே முதலில் அது.

பேச்சை எளிதாக்க இரண்டு சொற்கள். கையில் இருக்கும் பெட்டியைக் கடையில் டிரான்ஸ்மிட்டர் என்பார்கள். இங்கே அதைப் பரப்பி என்போம். விமானத்துக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிதாக உட்கார்ந்திருக்கும் ரிசீவரை ஏற்பி என்போம்.

துணி கிளிப்பின் காலம்

ரேடியோ அலையால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து ஓட்டும் ஆசை ரேடியோவுக்கே சமவயது. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் ரேடியோவால் பறக்கும் மாதிரி விமானத்தைச் செய்தார்கள். ‘கஃப்’ என்ற அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அப்போதிலிருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை அடிப்படை ஏற்பாடு ஒன்றே. ஒரு பரப்பிக்கு ஒரு அலைவெண். அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென 72 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஐம்பது சிறு பாதைகளை ஒதுக்கியிருந்தார்கள். பிரிட்டனில் அது 35 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பெட்டியில் எந்தப் படிகம் செருகியிருக்கிறதோ, அந்தப் பாதையில் மட்டும் அது பேசும். ஏற்பியிலும் அதற்கு இணையான படிகம்.

ஏற்பிக்குக் குரல் தெரியாது, பாதைதான் தெரியும். அதே பாதையில் வேறொருவர் பெட்டியைப் போட்டால் இரண்டு பேச்சும் குழம்பி விமானம் தரையில் குத்தும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை இருக்கும். பாதை எண் எழுதிய துணி கிளிப்புகள் அதில் வரிசையாக மாட்டியிருக்கும். உங்கள் எண்ணுள்ள கிளிப்பை எடுத்து உங்கள் ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டால்தான் பெட்டியைப் போடலாம். கிளிப் பலகையில் இல்லையென்றால் அது யாரிடமோ இருக்கிறது, அவர் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். பெட்டியைப் போடும் முன் பலகையைப் பார்க்க மறந்த ஒருவர் போதும், இன்னொருவரின் ஆறு மாத வேலை ஒரு நொடியில் குச்சிக் குவியல்.

நான் அந்தக் காலத்துக் கடைசிப் பகுதியைப் பார்த்தவன். பெட்டியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளும் உருவு ஆன்டெனாவும், விமானத்தின் வாலில் தொங்கும் ஏற்பிக் கம்பியும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. 72 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் சுமார் 4 மீட்டர். அதில் கால்பங்கு நீளக் கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கால்பங்கு வெறும் 31 மில்லிமீட்டர். உங்கள் ஏற்பியின் கம்பி முனையில் உறை நீக்கித் தெரியும் அந்தச் சிறு துண்டை அளந்து பாருங்கள்.

தாவித் தாவிப் பேசுவது

1942 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பதிவானது. பெற்றவர்கள் இருவர்: வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் நட்சத்திரமான ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். ரேடியோவால் வழிநடத்தும் டார்பிடோவை எதிரி தன் அலையால் குழப்பிவிடாமல் இருப்பது எப்படி என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல். அவர்கள் சொன்ன வழி: ஒரே அலைவெண்ணில் பேசாதே, தாவிக்கொண்டே இரு. தானாக வாசிக்கும் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளைப்போல, கப்பலிலும் டார்பிடோவிலும் ஒரே மாதிரிச் சுருள் ஓடட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அலைவெண்ணுக்குத் தாவும். பியானோவுக்கு 88 கட்டைகள். அவர்கள் சொன்ன அலைவெண்களும் 88.

கடற்படை அப்போது அதைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் அலைவெண் தாவல் என்கிற அந்த முறைதான் இன்று உங்கள் காதில் இருக்கும் புளூடூத்தில் ஓடுகிறது: 79 பாதைகள், நொடிக்கு 1600 தாவல்கள். ரேடியோவால் ஓடும் ஒன்றைக் கூச்சலிலிருந்து காப்பதற்காக யோசித்த வழி, சுற்றி வந்து ரேடியோவால் பறக்கும் மாதிரி விமானத்திலேயே குடியேறியது எனக்கு இன்றும் வியப்புதான். 2005-இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டி விற்பனைக்கு வந்தபோது தொடங்கிய மாற்றம், சில ஆண்டுகளில் கிளிப் பலகைகளைக் கழற்ற வைத்தது. ஆரம்பப் பெட்டிகள் சில காலியான இரண்டொரு பாதையைத் தேடி அங்கேயே இருந்தன. இன்று பெரும்பாலானவை தாவுகின்றன.

எங்கள் பத்துப் பேரை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 பாதைகள். ஒவ்வொரு பெட்டியும் நொடிக்கு 150 முறை, தனக்கே உரிய ஒழுங்கில், பாதை மாற்றிப் பேசுகிறது. நான் ஒரு பாதையில் பேசும் கணத்தில் இன்னொருவர் அதே பாதையில் இருக்க வாய்ப்பு 80-இல் 1. மற்ற ஒன்பது பேரையும் சேர்த்தால் நூற்றுக்குப் பதினொன்று. அதாவது நொடிக்கு நான் அனுப்பும் 150 செய்திகளில் 16 அளவுக்கு மோதிக் கெடலாம். மிச்சம் 134 போய்ச் சேரும்.

அந்த 16 கெட்டதை விமானம் உணருமா? என் விமானம் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள், அதாவது நொடிக்கு 15 மீட்டர். இரண்டு செய்திகளுக்கு இடையில் அது நகரும் தூரம் 10 சென்டிமீட்டர். ஒரு செய்தி விட்டுப்போனால் அடுத்தது வரும்போது இன்னொரு 10 சென்டிமீட்டர் போயிருக்கும். என் கைக்கு அது தெரியாது.

தாவும் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பரப்பிக்கும் தனக்கென ஓர் அடையாள எண் உண்டு. புது ஏற்பியை முதன்முதலில் இணைக்கும்போது பரப்பி அந்த எண்ணை அதற்குக் கற்றுக்கொடுக்கிறது. இதைப் பிணைத்தல் என்போம். மைதானத்தில் ‘பைண்ட் பண்ணியாச்சா?’ என்பார்கள். அதன்பின் எண் இல்லாத செய்தி எவ்வளவு உரக்க வந்தாலும் ஏற்பி காதில் போட்டுக்கொள்ளாது. டீக்காரரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பும்ணே.”

பவர் கேட்ட தம்பிக்கு

இனி தம்பியின் பக்கம். அவன் நினைத்தது போலத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விமானம் நம்மை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் கையில் இருக்கும்போது, மில்லிவாட் கூடினால் மனம் நிம்மதி அடைகிறது.

பல 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் அனுப்பும் திறன் 100 மில்லிவாட் அளவு. வீட்டில் இரவு விளக்காக எரியும் அரை வாட் எல்இடியில் ஐந்தில் ஒரு பங்கு. அலை எல்லாத் திசையிலும் விரிந்து மெலிவதால், தூரம் இரண்டு மடங்கானால் சேரும் பலம் கால்பங்காகிவிடும். ஆகவே எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு திறன் வேண்டும். பத்து மடங்கு திறனைக் கூட்டினாலும் தூரம் மூன்று மடங்கை ஒட்டித்தான் வரும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தூரம் நமக்குப் பயன்படாது. தம்பியின் கிளைடரை 500 மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்போம். 2 மீட்டர் இறக்கை அங்கே பௌர்ணமி நிலவின் அகலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். நல்ல கண் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த விவரங்களைப் பிரித்தறியாது. இறக்கையின் தடிமன் 2 சென்டிமீட்டர். கிளைடர் நேராக நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதே குழம்பிவிடும். பார்த்துப் பறக்கிறவருக்கு ரேடியோவின் எல்லைக்கு வெகு முன்பே கண்ணின் எல்லை வந்துவிடுகிறது. உயரத்துக்கும் சட்ட எல்லை உண்டு: இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் பொதுவாக 400 அடி வரைதான்.

திறனைவிட ஆன்டெனாவைப் பிடிக்கும் விதம் முக்கியம். தம்பி தன் பழைய பெட்டியின் ஆன்டெனாவைத் துப்பாக்கி மாதிரி விமானத்தை நோக்கி நீட்டிப் பிடிப்பான். நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் தலைகீழ். ஆன்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவம் மெதுவடை மாதிரி. ஆன்டெனாதான் வடையின் ஓட்டைக்குள் செருகிய குச்சி. அலை முழுக்கப் பக்கவாட்டில் போகிறது. குச்சியின் நுனி நோக்கும் திசையில் ஓட்டைதான். நுனியை விமானத்துக்குக் காட்டுவது, விமானத்துக்கு ஓட்டையைக் காட்டுவது. மடக்கிப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். அவனுக்கு அன்று கிடைத்த பலன் எந்தப் புதுப் பெட்டியும் தராதது.

விமானத்துக்குள்ளும் அதே கதை. ஏற்பியின் இரண்டு கம்பிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால், விமானம் எப்படிப் புரண்டாலும் ஏதாவது ஒன்றின் பக்கவாட்டு நம்மைப் பார்த்திருக்கும். கிளைடரின் மூக்கு கார்பன் இழையால் ஆனதென்றால் அது அலையை மறைக்கும். கம்பி முனைகளை வெளியே எடுத்துவிட வேண்டும்.

900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும் நெடுந்தூரப் பெட்டிகள் பற்றியும் அவன் கேட்டான். 915-ஐ ஒட்டி இயங்குபவை அமெரிக்காவுக்கென அமைந்தவை. இந்தியாவில் 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை செல்பேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம். அதில் நாம் வாய் வைப்பது சட்டப்படியும் தவறு, அண்டை வீட்டாருக்கும் தொல்லை. உரிமம் இல்லாமல் நமக்குத் திறந்திருப்பவற்றில் இத்தகைய பெட்டிகளுக்கு உதவுபவை 865 முதல் 868 வரையுள்ள சிறு துண்டும், 2400 முதல் 2483.5 வரையுள்ள பெரிய துண்டும். இலங்கையிலோ மலேசியாவிலோ இருக்கிறவர்கள் தங்கள் நாட்டு ஒதுக்கீட்டைப் பார்த்துக்கொண்டு வாங்குவது நல்லது.

ஒரு கிளைடர், ஏழு சேனல்

பவரை ஒதுக்கி வைத்துவிட்டு, கிளைடரைத் திண்ணையில் கவிழ்த்துப் போட்டு எண்ண ஆரம்பித்தோம். சேனல் என்பது தனியாக ஆணையிடக்கூடிய ஒரு வேலை. பெரும்பாலும் ஒரு வேலைக்கு ஒரு சர்வோ; எண்ணைக் கேட்டுக் கையைத் திருப்பும் குட்டி மோட்டார்.

வாலில் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு மடல், திரும்ப ஒரு சுக்கான். மூக்கில் மோட்டார். மூன்று ஆயிற்று. இறக்கையின் ஓரங்களில் சாய்ப்பதற்கான ஓர மடல்கள் இரண்டு. அய்லரான் என்பது இவைதான். இறக்கையின் உட்பக்கத்தில் ஃபிளாப் எனப்படும் உள் மடல்கள் இரண்டு. ஆக ஏழு.

தம்பி பழைய பெட்டியை விட மனமில்லாமல், “ஒய் கேபிள் போட்டு ஒரே சேனல்ல ரெண்டு சர்வோவ மாட்டிட்டா?” என்றான். நல்ல யோசனை, பல விமானங்களில் அதுவே போதும். ஓர மடல்களுக்கு ஒன்று, உள் மடல்களுக்கு ஒன்று என்று போட்டால் ஐந்தே சேனலில் வேலை முடிகிறது.

ஆனால் அவன் எதற்காக உள் மடல் வைத்தான்? இறங்குவதற்கு. நல்ல கிளைடர் 1 மீட்டர் கீழே இறங்குவதற்குள் 15 மீட்டர் முன்னே போய்விடும். 5 மீட்டர் உயரத்தில் நம் தலையைத் தாண்டினால் 75 மீட்டர் தள்ளி, வேலிக்காத்தான் புதரில்தான் தரைதொடும். அதற்கு ஒரு பிரேக் வேண்டும். உள் மடல்கள் இரண்டும் நன்றாகக் கீழே தொங்க, ஓர மடல்கள் இரண்டும் கொஞ்சம் மேலே தூக்க, இறக்கை தன் வழுக்கலை இழந்து காற்றில் நின்று நின்று இறங்கும். பறப்போர் இதை க்ரோ என்பார்கள், காக்கை. மதில்மேல் இறங்கும் காக்கையை ஒரு தரம் உற்றுப் பார்த்தவர்களுக்குப் பெயர் பொருந்துவது தெரியும்.

ஒய் கேபிள் இங்கேதான் சிக்குகிறது. சாய்ப்பதற்கு ஓர மடல்கள் எதிரெதிராக அசைய வேண்டும், ஒன்று மேலே என்றால் மற்றது கீழே. பிரேக்குக்கு இரண்டும் ஒரே பக்கம், மேலே. ஒரே கம்பியில் ஒரே ஆணையைக் கேட்கும் இரண்டு சர்வோக்களால் எதிராகவும் சேர்ந்தும் அசைய முடியாது. உள் மடல்களுக்கோ வேறு தொல்லை. இடப்பக்கச் சர்வோவும் வலப்பக்கச் சர்வோவும் கண்ணாடிப் பிம்பம் போல மாட்டியிருப்பதால், ஒரே ஆணைக்கு ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும்.

எண்களோடு பார்க்கலாம். பிரேக்கைப் பாதி இழுத்ததும் ஓர மடல்கள் இரண்டும் 10 பாகை மேலே தூக்கட்டும். அந்த நேரம் பார்த்துக் காற்று இடப்பக்கம் சாய்க்கிறது. நான் குச்சியை வலப்பக்கம் தள்ளுகிறேன். அதன் பங்கு 8 பாகை. வலது ஓர மடலுக்குப் பிரேக் சொல்வது 10 மேலே, குச்சி சொல்வது 8 மேலே: மொத்தம் 18. இடது மடலுக்குப் பிரேக் சொல்வது 10 மேலே, குச்சி சொல்வது 8 கீழே: மிச்சம் 2. இரண்டு மடலும் மேலேதான் நிற்கின்றன, ஆனால் ஒன்று 18, ஒன்று 2. அந்த 16 பாகை வித்தியாசம் கிளைடரை நிமிர்த்துகிறது, பிரேக்கும் விடவில்லை. இதற்கிடையில் உள் மடல்கள் தொங்கியதால் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். அதை அடக்க வால் மடலுக்குப் பிரேக்கிலிருந்தே 2 பாகை கீழ்நோக்கிப் போக வேண்டும்.

ஒரு கையசைவு ஐந்து சர்வோக்களுக்குப் பிரிந்து போகிறது. ஒரு சர்வோவுக்கு இரண்டு கையசைவுகளின் கூட்டல் வந்து சேருகிறது. இந்தக் கூட்டலைப் பரப்பி அனுப்புவதற்கு முன்பே தனக்குள் போட்டு முடித்துவிடுகிறது. இதைக் கலவை என்போம், கடைமொழியில் மிக்ஸ். உள் மடல்களை எப்படியாவது ஒரே சேனலில் அடக்கினால் ஆறு சேனல் பெட்டியிலும் எண்ணிக்கை கணக்குக்குச் சரியாகிவிடும். ஆனால் பழகுவோருக்கான பெட்டிகளில் தயாரிப்பாளர் எழுதி வைத்த சில கலவைகள் மட்டுமே இருக்கும். தம்பிக்கு வேண்டிய கூட்டல் அவன் பெட்டியில் இல்லை. எட்ஜ்டிஎக்ஸ் போன்ற திறந்த மென்பொருளில் ஓடும் பெட்டிகளில் எந்தக் குச்சியையும் எந்தச் சேனலுக்கும் எந்த அளவிலும் கூட்டலாம். அதைப் பழக ஒரு மாதம் தலைவலி உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வேறு பெட்டிக்கு மனம் போகாது.

என் தீர்ப்பு: விமானத்தை முதலில் எண்ணுங்கள், அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அதற்குமேல் பெட்டியில் எழுதியிருக்கும் சேனல் எண்ணிக்கைக்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

கையில் தெரிவது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை என் பழைய பெட்டி ஒன்றைப் போட்டு, விமானத்தை மேசைமேல் வைத்திருந்தேன். குச்சியில் கை இல்லை. சன்னல் வெளிச்சத்தில் வால் மடலின் ஓரம் மயிரிழை அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. கிர்... கிர்... என்று சர்வோ முனகியது. சர்வோவை மாற்றினேன், நடுக்கம் போகவில்லை. கடைசியில் காரணம் குச்சியின் அடியில் இருந்தது. குச்சி நகரும்போது கரித்தடம் ஒன்றின்மேல் உலோக நாக்கு ஒன்று உரசி நகரும். எங்கே நிற்கிறது என்பதை மின்தடையாகச் சொல்லும். ஆயிரக்கணக்கான மணிநேரம் நடுவிலேயே உரசி உரசி அந்த இடத்தில் தடம் தேய்ந்திருந்தது. நாக்கு நின்ற இடத்திலேயே எண் மாறிக்கொண்டிருந்தது.

இன்று பல பெட்டிகளில் உரசலே இல்லை. குச்சியின் அடியில் ஒரு காந்தம். அது திரும்புவதை எதிரே உள்ள உணரி தொடாமல் படிக்கிறது. காந்தப் புலம் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கும் என்று 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவுதான் இது. கடையில் ஹால் கிம்பல் என்று கேளுங்கள். புதுப் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் நான் முதலில் இதற்குத்தான் கொடுப்பேன்.

குச்சியின் நகர்வை 1024 படிகளாகப் பிரிக்கிறதா, 2048 ஆகவா என்று விளம்பரங்கள் பேசும். சர்வோவுக்குப் போகும் ஆணை ஒரு மின்துடிப்பின் நீளம்: நடுவுக்கு ஒன்றரை மில்லிநொடி, ஓரங்களுக்கு ஒன்றும் இரண்டும். இந்த ஒரு மில்லிநொடி வீச்சை 1024 ஆகப் பிரித்தாலே படிக்கு ஒரு மைக்ரோநொடிதான். சாதாரணச் சர்வோ இரண்டு மூன்று மைக்ரோநொடி மாற்றத்தைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போகலாம்.

இன்னொன்று, எந்தக் குச்சியில் என்ன என்பது. இடக்கையில் மோட்டாரும் சுக்கானும் இருப்பது இரண்டாம் முறை. இந்தியாவில் பரவலாகப் பழகுவது இதுதான். ஜப்பானில் பலர் பறப்பது முதலாம் முறையில், மோட்டார் வலக்கையில். சலுகை விலையில் கிடைத்தது என்று முறை மாற்றி வாங்கிவிட்டால் விரல்கள் பழகியதெல்லாம் எதிரியாகிவிடும்.

பழைய விமானங்களின் மொழி

தம்பி மறந்திருந்த செலவு ஒன்று இருந்தது. அவனிடம் ஏற்கனவே மூன்று விமானங்கள். மூன்றிலும் பழைய பெட்டிக்கான ஏற்பிகள். எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனாலும் ஒரு நிறுவனத்தின் பரப்பி பேசுவது இன்னொரு நிறுவனத்தின் ஏற்பிக்குப் புரியாது. தாவும் ஒழுங்கு வேறு, செய்தியை அடுக்கும் விதம் வேறு, உள்ளே இருக்கும் சில்லும் வேறு. புதுப் பெட்டி என்றால் நாலு ஏற்பியும் புதிது என்று ஆகிவிடும்.

இதற்கு வழி உண்டு. நான்கு வகை ரேடியோ சில்லுகளை ஒரே அட்டையில் அடக்கி, பல நிறுவனங்களின் மொழிகளைப் பேசும் பன்மொழிப் பெட்டிகள் கிடைக்கின்றன. பழைய மூன்றையும் பழைய மொழியிலேயே பறக்கவிட்டு, கிளைடருக்கு மட்டும் புது மொழி பழகலாம். புது மொழிகளில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்பது திறந்த மூலம்; பல நிறுவனங்கள் அதற்கான ஏற்பிகளைச் செய்வதால் ஒரே கடையை நம்பியிருக்க வேண்டியதில்லை. தம்பிக்கு நான் அதையே சொன்னேன்.

புது இணைப்பு இருவழிப் பாதை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானமும் திரும்பப் பேசும்: பேட்டரி எவ்வளவு, நம் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று. கிளைடர் பறப்போருக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். அதை அளக்கும் சிறு உணரியை ஏற்பியோடு மாட்டிவிட்டால், கிளைடர் வெப்பக் காற்றில் ஏறும்போது கையில் இருக்கும் பெட்டி ‘பீப் பீப்’ என்று சுருதி ஏற்றிச் சொல்லும். பருந்துகள் எங்கே வட்டமிடுகின்றன என்று தேடிக்கொண்டிருந்த நமக்கு, வெப்பக் காற்றின் தூண் காதில் கேட்க ஆரம்பிக்கிறது.

குரல் நின்றுபோனால்

பெட்டி வந்தது. தம்பி பிணைத்து முடித்து, கலவைகளை எழுதி, மடல்களின் அசைவை எல்லாம் காட்டினான். உடனே ஏரிக்குக் கிளம்பத் தயார்.

“இரு. பெட்டி அணைஞ்சு போச்சுன்னா கிளைடர் என்ன பண்ணும்?”

அவன் யோசித்திருக்கவில்லை. செய்தி வருவது நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஏற்பிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது காப்புநிலை, ஃபெயில்சேஃப் என்பார்கள். சொல்லி வைக்காவிட்டால் சில ஏற்பிகள் கடைசியாகக் கேட்ட ஆணையையே பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியாகக் கேட்டது ‘மோட்டார் முழு வேகம்’ என்றால், முழு வேகத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரையை நோக்கி. எந்தப் பெட்டியை வாங்கும் முன்பும் நான் கேட்கும் கேள்வி இது: காப்புநிலையை ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக என்னால் எழுத முடியுமா?

கிளைடருக்கு மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. மோட்டார் இல்லாமலே மணிக்கணக்கில் மிதக்கத்தானே அதைக் கட்டினோம்! வெப்பக் காற்றில் மாட்டினால் கண்காணாமல் போய்விடும். ரேடியோவே இல்லாத மாதிரி விமானங்களில்கூட, குறித்த நேரம் ஆனதும் வால் மடங்கி இறங்க வைக்கும் ஏற்பாடு வைப்பார்கள், இதே பயத்தால். ஆகவே தம்பியின் கிளைடருக்கு இப்படி முடிவு செய்தோம்: மோட்டார் நிறுத்தம், பிரேக் பாதிக்குமேல், சுக்கான் லேசாக இடப்பக்கம். மெதுவாகச் சுற்றி, சுற்றிய இடத்திலேயே இறங்கட்டும்.

மோட்டாரின் காற்றாடியைக் கழற்றிவிட்டு முற்றத்தில் சோதித்தோம். முதலில் பெட்டியின் தூரச் சோதனை நிலையைப் போட்டான். அதில் திறன் பல மடங்கு குறைந்துவிடும். அவன் பெட்டியோடு தெருக்கோடி வரை முப்பது அடி வைத்து நடந்தான். நான் கிளைடரைக் கையில் பிடித்து மூக்கை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று புரட்டினேன். மடல்கள் தடங்கலில்லாமல் அவன் விரலைத் தொடர்ந்தன.

பிறகு திரும்பி வந்து, கிளைடரைத் திண்ணையில் வைத்து, மோட்டாரைப் பாதி வேகத்துக்கு ஏற்றினான். காற்றாடி இல்லாத அச்சு மட்டும் விர்ரென்று சுழன்றது.

“அணைக்கவாண்ணே?”

“அணை.”

பெட்டியின் திரை இருண்டது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அச்சின் சத்தம் தேய்ந்து நின்றது. உள் மடல்கள் இரண்டும் கீழே தொங்கின, ஓர மடல்கள் மேலே தூக்கின, சுக்கான் இடப்பக்கம் ஒரு விரல் அளவு திரும்பி அப்படியே நின்றது. தம்பி குனிந்து சுக்கானைப் பார்த்துவிட்டு, பெட்டியை மறுபடி போட்டு, இன்னொரு தரம் அணைத்தான்.